விருந்தாளிக்காகச் சிரைத்த புல்

கினாங்கோப் மேட்டில் நிலத்தை உழாமல் போட்டுவைப்பதும் கால்சட்டை போடாமல் சர்ச்சுக்குப் போவதும் ஒன்றுதான். முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். முதுகு திரும்பியதும் வேறு எதைப் பற்றியும் பேச மாட்டார்கள்.

எங்கள் ஊரில் வேலிக்கு வேலி உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காரட். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு பாத்தி கிழங்கு போட்டுப் பார்த்த ஆள்கூட உண்டு. பாதிரியார் கண்ணில் பட்டதால்தான் அறுவடை நடக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் முங்காய் வீட்டுக் கொல்லையில் அரை ஏக்கர் புல், குத்துக் குத்தாக, முழங்கால் உயரத்துக்கு நின்றது. இத்தனைக்கும் முங்காய்க்குத் தொழிலே டிராக்டர் ஓட்டுவது. ஊர் நிலத்தையெல்லாம் உழுதுவிட்டு, சக்கரத்துச் சேறு காயாமல் அந்தப் புல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் போய்ச் சாப்பிடுவான். சவரக்கடைக்காரன் தாடி வளர்த்த மாதிரி என்று பால் சேகரிப்பு நிலையத்தில் பேசிக்கொள்வார்கள்.

புல்லைக் காத்தவள் அவன் மனைவி நியோகாபி. மகன் சேகே விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஊர் வழக்கப்படி அவள் சேகே அம்மா, அவன் சேகே அப்பா. நிலமோ இன்னும் பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து. முங்காயின் அண்ணன் கிதோங்காவுக்கும் அதில் வாய் உண்டு. அந்த வாய், ஏப்ரல் முதல் வாரத்தில், நல்ல மழைக்கு நடுவே வெள்ளைச் சட்டையும் கோட்டுமாக அவள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தது.

"சேகே அம்மா, டீ நல்லா இருக்கு. புல்லுதான் நல்லா இல்ல."

"டீயில ஊத்துன பாலு அந்தப் புல்லுலேர்ந்துதான் வருது அத்தான்."

"பாலு பாத்திரத்துக்குள்ள இருக்கு. புல்லு ரோட்டுல போறவன் கண்ணுக்குத் தெரியுது. நான் சர்ச்சுல மூப்பர். போன ஞாயித்துக்கிழமை ஒருத்தன் கேக்குறான், உங்க தம்பி வீட்டுல யாராச்சும் செத்துட்டாங்களா, கொல்லை அப்படியே கெடக்குதேன்னு. நான் என்ன சொல்ல? என் கொழுந்தியா குருவியப் போட்டோ புடிக்கிறா, அதான் உழலன்னு சொல்லவா?"

"சொல்லுங்களேன். பொய் இல்லையே."

கிதோங்கா தம்பியைப் பார்த்தார். முங்காய் அவித்த கிழங்கின் தோலை அதிக கவனத்தோடு உரித்துக்கொண்டிருந்தான். அண்ணனும் மனைவியும் ஒரே அறையில் இருக்கும்போதெல்லாம் கிழங்குத் தோல் அவனுக்கு அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும்.

"என் கொட்டகையில வெதைக்கெழங்கு முளை விட்டு நிக்குது" என்றார் கிதோங்கா. "திங்கக்கெழமை முங்காய் டிராக்டர எறக்கணும்."

"அத்தான், கூட்டுல மூணு முட்டை இருக்கு."

"என் கோழி தெனம் அஞ்சு போடுது. அதுக்காக நான் கிச்சனப் பூட்டிட்டேனா?"

நியோகாபி கைபேசியை எடுத்து நீட்டினாள். மஞ்சள் மார்பும், முதுகில் காய்ந்த புல் நிறத்தில் கோடு கோடாகவும் ஒரு குருவி. எங்களுக்கு அது வெறும் புல்லுக்குருவி. படித்தவர்கள் நீள்நகக் குருவி என்பார்கள். உலகத்திலேயே இந்த நாட்டு மேட்டுப் புல்லில் மட்டும்தான் இருக்கிறது, நாங்கள் உழ உழக் குறைகிறது என்பார்கள். அதைக் கேட்டு நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டே உழுவோம்.

கிதோங்கா கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "நீள்நகமாம். காலையே காணோம். நகம் எங்க இருக்கு?"

"காலு புல்லுக்குள்ள இருக்கு அத்தான். எப்பவும் புல்லுக்குள்ளதான் நிக்கும். நாப்பது படம் எடுத்துட்டேன், ஒன்னுலயும் காலு விழல."

"காலே இல்லாத குருவிக்கு அரை ஏக்கரா?"

அப்போதுதான் முங்காய் வாயைத் திறந்தான். "அண்ணே, வாத்தியார் கிமேமியா மாவட்டத்துலேர்ந்து ஒரு அதிகாரிய அடுத்த சனிக்கெழமை கூட்டிட்டு வரேங்குறாரு. அதுவரைக்கும் பொறுப்போம்."

கிதோங்கா யோசித்தார். அதிகாரி என்ற சொல்லுக்கு அவரிடம் ஒரு மரியாதை உண்டு. "சரி. அந்த அதிகாரி தன் கண்ணால குருவியப் பாத்து, இது காக்க வேண்டிய புல்லுதான்னு பலகை நட்டுட்டா, நான் வாயே தெறக்க மாட்டேன். பாக்கலன்னா அடுத்த திங்கக்கெழமை டிராக்டர். ஓட்டுறது நீதான் முங்காய்."

முங்காய் கிழங்கைக் கீழே வைத்தான். அப்புறம் அதைச் சாப்பிடவில்லை.

நியோகாபி படம் பிடிக்கிற கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழந்துணிச் சந்தையில் வாங்கிய ஒரு கோட்டின் உள்பையில், முன்பு அதைப் போட்டிருந்த எந்தச் சீமான் மறந்ததோ, ஒரு கண் உடைந்த பைனாகுலர் இருந்தது. நல்ல கண்ணோடு கைபேசியைச் சேர்த்து, சைக்கிள் ட்யூபைக் கிழித்து வரிந்து கட்டிவிட்டாள். பால் கறக்கிற முக்காலியில் உட்கார்ந்து, பால் கேனை முன்னால் வைத்து, அதன் மூடியின் மேல் இந்தக் கருவியை நிறுத்துவாள். பட்டாணி உரித்துக்கொண்டே காத்திருப்பாள். வாலை இழுத்துக்கொண்டு பறக்கிற கறுப்புக் குருவி, கொல்லைப் பூவில் தலைகீழாகத் தொங்கும் தேன்சிட்டு, அடுத்தவன் வீட்டுச் சண்டையைப் பார்க்க வந்தது மாதிரி வேலிமேல் நிற்கும் அரிவாள்மூக்கன் என்று எல்லாம் அவள் கைபேசியில் இருந்தன. புல்லுக்குருவி மட்டும் எளிதில் வராது. வேறு எங்கே எப்படியோ, அந்தக் கொல்லையில் அந்தக் குருவி ஜோடி மாட்டுக்குப் பின்னால்தான் திரியும். குளம்பு பட்டு எழும்புகிற பூச்சிக்காக. அதனால் மடாமு என்ற தன் பசுவைக் கூட்டிலிருந்து பத்தடி தள்ளி, கால் பட்டு முட்டை உடையாதபடி கயிற்றை அளந்து கட்டுவாள். மடாமு மேயும். பின்னாலேயே குருவி வரும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

வாத்தியார் கிமேமியா இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, பறவை நண்பர் குழுவுக்குத் தலைவரானவர். தலைமை இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. பதினேழு பை வைத்த சட்டை, காட்டுத் தொப்பி, கைக்குழந்தை அளவுக்கு ஒரு லென்ஸ். அந்த லென்ஸைக் குழந்தையைப் போலவே துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக் கொண்டுவருவார். அதிகாரி வருவதற்கு ஐந்து நாள் முன்னால் கொல்லையில் பச்சைக் கூடாரம் ஒன்றை அடித்து உள்ளே போய் உட்கார்ந்தார். நான்கு மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் குறட்டை கேட்டது. அந்த நேரம் பார்த்துப் புல்லுக்குருவி வந்து கூடாரத்தின் உச்சியில் உட்கார்ந்து நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. நியோகாபி அடுப்படி வாசலிலிருந்து அதைப் படம் எடுத்தாள். பிறகு அவரிடம் காட்டினாள்.

வாத்தியார் நெடுநேரம் பார்த்தார். "குருவி கொஞ்சம் மங்கல். காலு துணி மடிப்புல மறைஞ்சிடுச்சு. கூடாரம் அழகா விழுந்திருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நியோகாபி பால் ஊற்றப் போனாள். மழை ஈரத்தில் வரிசை நீளம். வீடு திரும்பும்போது தூரத்திலிருந்தே ஒரு சத்தம் கேட்டது. சரக், சரக், சரக். அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டே தீரும். வழியோரப் புல்லைச் சிரைக்க வேண்டும். கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மந்திரி வந்தாலும் சரி, மாட்டு டாக்டர் வந்தாலும் சரி. வெள்ளை அடிக்காத கல்லைப் பார்த்துவிட்டு ஒரு விருந்தாளி திரும்பிப் போனால் ஏழு தலைமுறைக்கும் பழி.

அவள் ஓடினாள். கொல்லையில் வரவேற்புக் குழுவின் பன்னிரண்டு பேர் வளைந்த கத்தியோடு வரிசையாக நின்று புல்லை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வரப்பு நெடுகக் கற்கள் பால் மாதிரி வெளுத்திருந்தன. குழுத் தலைவி ஜெருஷா இடுப்பில் கைவைத்து, போர் ஜெயித்த தளபதி மாதிரி நின்றாள்.

"ஜெருஷா அக்கா, என்ன பண்றீங்க?"

"நன்றி சொல்லு மொதல்ல. நீ பாலுக்குக் கெளம்புனதுமே வந்துட்டோம். உன் மானத்தக் காப்பாத்துறோம்."

"அதிகாரி இந்தப் புல்லப் பாக்கத்தான் வராங்க."

"அதுக்குத்தான் சுத்தம் பண்றோம்."

"புல்ல வெட்டிட்டா எந்தப் புல்லப் பாப்பாங்க?"

ஜெருஷா ஒரு கணம் யோசித்தாள். கேள்வியில் ஏதோ விஷயம் இருப்பது தெரிந்தது. ஆனால் பாதி சிரைத்த தாடியோடு ஒரு மாப்பிள்ளையை எழுப்பிவிட முடியுமா? "பாக்க வரது குருவிய. குருவி பறக்கும்ல. சுத்தமான எடத்துல வந்து ஒக்காரும். உன் வீட்டுக்கு நான் வந்தா, சோபாவுல ஒக்காருவேனா, குப்பையில ஒக்காருவேனா?"

நியோகாபி மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். முக்காலியை எடுத்துவந்தாள். கத்தி வரிசைக்கும் மிச்சமிருந்த ஒரு புல்குத்துக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தாள். மடியில் கிழங்குக் கூடை. கிழங்கு சீவ ஆரம்பித்தாள்.

"எந்திரி நியோகாபி. இந்த எடம் மட்டும் பாக்கி."

"என்னச் சேத்து வெட்டுங்க."

"விளையாடாத. நடுவுல ஒரு குத்து மட்டும் நின்னா மொட்டத் தலையில குடுமி மாதிரி இருக்கும்."

"குடுமி இருக்கட்டும். அதுக்குள்ள மூணு உசுரு இருக்கு. நேத்துதான் பொரிச்சுது."

பன்னிரண்டு பேரும் நின்றார்கள். ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, வாயப் பொளந்துகிட்டு கெடக்குது" என்று கத்தியைத் தரையில் ஊன்றினான். அடுத்தவனும் ஊன்றினான். ஜெருஷா மட்டும் சுண்ணாம்பு வாளியோடு வந்து, அந்தக் குத்துக்குப் பக்கத்தில் கிடந்த பெரிய கல்லுக்கு மூன்று பூச்சு அடித்துவிட்டுப் போனாள். தோல்வியை அப்படியே விட்டுவிட்டுப் போகிற பெண் இல்லை அவள்.

மதியம் வாத்தியார் வந்தார். வேலியைத் தாண்டியதும் இரண்டு கையையும் விரித்தார். "அருமை! ஜெருஷா, பிரமாதம்! என்ன சுத்தம்!" பிறகு கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. வாய் மூடாமல் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் நியோகாபியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தொண்டையைச் செருமினார். "இதுக்கு... புல்வெளி மேலாண்மைன்னு பேரு."

"சேகே அப்பா உழுதா அதுக்கு என்ன பேரு வாத்தியாரே?" என்றாள் அவள்.

அன்றிரவு முங்காய் நனைந்து வந்தான். இலைக்கோசும் கிழங்கும் மசித்த முகிமோவைத் தட்டில் வைத்துக்கொண்டு, "சேகே அம்மா, திங்கக்கெழமை வண்டி ரிப்பேர்னு சொல்லிடவா?" என்றான்.

"உங்க அண்ணன் ஆள் வெச்சு மண்வெட்டியால கொத்துவாரு. விடுங்க. குஞ்சுக்குப் பசிச்சா தாய் வரும்."

சனிக்கிழமை. பத்து மணி நிகழ்ச்சிக்கு அதிகாரியின் வண்டி ஒன்றரை மணிக்கு வந்தது. அதற்குள் எங்களுக்கு மூன்று பிரார்த்தனை, இரண்டு வரவேற்பு, ஒரு மழை ஆகிவிட்டது. வெள்ளைக் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி நிரப்பி, ஆட்டுக்கறி வாட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் கிதோங்கா, சலவை செய்த வெள்ளைச் சட்டையில், சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி. முங்காயின் டிராக்டர் வேலிக்கு வெளியே நின்றது. அதற்கும் யாரோ சக்கரத்தில் வெள்ளை அடித்திருந்தார்கள்.

அதிகாரி ஓர் அம்மாள். ஐம்பது வயது இருக்கும். பழுப்பு ஸ்வெட்டர், குதி உயர்ந்த செருப்பு. இறங்கிய இடத்திலேயே குதி சேற்றில் புதைந்துவிட்டது. பிடுங்க மூன்று பேர் பாய்ந்தார்கள். அவர் செருப்பை அப்படியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்து உட்கார்ந்தார். அப்போதே எங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

வாத்தியார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அவரவர் தகுதிக்கேற்ப எல்லாருக்கும் வணக்கம்" என்று தொடங்கி, தகுதிகளை ஒவ்வொன்றாகச் சொல்ல இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு குருவியின் வரலாறு. பிறகு குருவியைக் காத்த தன் வரலாறு. இரண்டாவது நீளம். குருவி வரவில்லை. நியோகாபி அடுப்படி வாசலில் நின்று அந்த ஒற்றைக் குத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மூன்று வாய் காலையிலிருந்து திறந்து கிடக்கிறது. வேலிக் கம்பியில் தாய்க்குருவி அலகில் புழுவோடு வந்து உட்கார்வதும், ஒலிபெருக்கி இருமினால் பறந்துவிடுவதுமாக இருந்தது. அவளுக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

அதிகாரி அம்மாள் மெதுவாகக் கேட்டார். "குருவி எங்க இருக்கு?"

"இதோ, இந்த வாழிடத்தில்..." என்று வாத்தியார் கையை வீசினார். கை வீசிய திசையில் மொட்டைத் தரையும் ஒரு குடுமியும் இருந்தன.

"புல்லு எங்க இருக்குன்னும் கேட்டுடுங்க அம்மா" என்றார் கிதோங்கா. கூட்டம் சிரித்தது. முங்காய் தலையைக் குனிந்துகொண்டான்.

நியோகாபி நடந்து வந்து வாத்தியார் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினாள். பேசவில்லை. பொத்தானை அழுத்தி அணைத்தாள். எங்கள் ஊரில் ஒலிபெருக்கியை வாங்கிப் பேசாமல் அணைத்த முதல் ஆள் அவள்தான்.

"அம்மா, எல்லாரும் அப்படியே ஒக்காந்திருக்கணும். வெள்ளைச் சட்டை போட்டவங்க மட்டும் பின் வரிசைக்குப் போங்க."

"நானா?" என்றார் கிதோங்கா.

"நீங்கதான் அத்தான். வெள்ளை அசைஞ்சா அது வராது."

"அந்தக் கல்லு மட்டும் வெள்ளையா இல்லையா?"

"கல்லு வெள்ளையா இருந்தா பரவால்ல. அது பேசாது."

அதிகாரி அம்மாள் முந்திக்கொண்டு எழுந்து சிரித்துவிட்டு, நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிறகு யார் நாற்காலியில் இருப்பது? எல்லோரும் ஈரத்தரையில் உட்கார்ந்தார்கள். கிதோங்கா பின்னால் போய், ஜெருஷாவின் குடைக்குப் பின்னே பாதி மறைந்து நின்றார்.

நியோகாபி மடாமுவை அவிழ்த்து வந்தாள். குத்திலிருந்து பத்தடி தள்ளி முளை அடித்து, கயிற்றை அளந்து கட்டினாள். முக்காலி, பால் கேன், கைபேசி. மடாமு அத்தனை பெரிய மனிதர்களையும் ஒரு முறை பார்த்தது. பார்க்கத்தக்கது எதுவுமில்லை என்று குனிந்து, வெட்டிப்போட்ட புல்லை மேயத் தொடங்கியது.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. கறி தீய்கிற வாசனை வந்தது. யாரும் எழவில்லை. மடாமு காலை மாற்றி வைத்தபோது சருகுக்குள்ளிருந்து வெட்டுக்கிளிகள் தெறித்தன. வேலியிலிருந்து ஒரு மஞ்சள் பொட்டு தாழ இறங்கியது. மாட்டின் பின்னங்காலுக்கு அருகே ஓடியது. நின்றது. ஒரு வெட்டுக்கிளி அலகில். வழக்கமாக அங்கிருந்து புல்லுக்குள்ளேயே நுழைந்து நுழைந்து கூட்டுக்குப் போய்விடும். இன்றைக்கு நுழையப் புல் இல்லை. கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒரு தாவலில், ஜெருஷா மூன்று பூச்சு அடித்த வெள்ளைக்கல்லின் உச்சியில் ஏறி நின்றது.

நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வெள்ளை மேல் இரண்டு மெல்லிய கால்கள். ஒவ்வொரு காலின் பின்விரலிலும், விரலைவிட நீளமாக, முடி போல வளைந்த ஒரு நகம்.

வாத்தியார் லென்ஸைத் திருப்பினார், திருகினார், நெற்றி வியர்த்தது. "ரொம்பக் கிட்ட இருக்கு" என்று கிசுகிசுத்தார். "இது தூரத்துல இருக்கறத எடுக்கற லென்ஸு." குழந்தையை அணைத்தபடி பின்னால் நகர்ந்து, நகர்ந்து, கறி அடுப்பு வரைக்கும் போய்விட்டார்.

நியோகாபி கேன் மூடியில் கைபேசியைச் சற்றே திருப்பினாள். மூச்சை நிறுத்தினாள். ஒரு முறை தொட்டாள். இரண்டாம் முறை தொட்டாள். குருவி குத்துக்குள் இறங்கியது. உள்ளேயிருந்து மூன்று குரல் ஒன்றாகக் கீச்சிட்டது. அத்தனை பேர் உட்கார்ந்திருந்த கொல்லையில் வேறு சத்தமே இல்லை.

அதிகாரி அம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தார். கிதோங்காவைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் குடைக்குப் பின்னாலிருந்து வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, படத்தைப் பார்த்தார். பிறகு குத்தைப் பார்த்தார். மறுபடி படம்.

"நகம் இருக்கு" என்றார். ஒரு பெரிய மனிதர் இரண்டே சொல்லில் பேச்சை முடித்தது அன்றைய நிகழ்ச்சியிலேயே பெரிய சாதனை.

"எங்க வீட்டுலயும் மாடு இருந்துச்சு" என்றார் அதிகாரி அம்மாள். "பின்னாடி என்ன வருதுன்னு நாங்க ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல. பலகைய எங்க நடலாம் சொல்லு."

"அதுக்கு முன்னாடி ஒன்னு எழுதணும் அம்மா. இங்க வர எந்த விருந்தாளிக்காகவும் புல்ல வெட்டக் கூடாதுன்னு."

பலகை வாசகம் அப்படித்தான் வந்தது. கீழே தன் பெயரைச் சேர்க்க வாத்தியார் இடம் கேட்டார். பின்பக்கம் காலியாக இருந்தது, கொடுத்தார்கள். குழி தோண்டியவன் முங்காய். டிராக்டர் வேண்டாம், கையாலேயே தோண்டுகிறேன் என்று சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். அண்ணன் பக்கத்தில் நின்றும் அன்றைக்கு அவனுக்கு எதுவும் கையில் ஒட்டவில்லை. தீய்ந்த கறியை ஒருவரும் குறை சொல்லாமல் தின்றோம். ஜெருஷா மட்டும் வீடு வீடாகப் போய், அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தது யார் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

திங்கட்கிழமை விடியற்காலை, பனி விலகாத நேரம், நியோகாபி பால் கறந்துவிட்டு நிமிர்ந்தாள். வேலியருகே யாரோ நின்றார்கள். கயிற்றில் ஒரு மாடு. கிதோங்காதான். எங்கே தேடிப் பிடித்தாரோ, முழங்கை கிழிந்த பழுப்பு ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டிருந்தார். சர்ச்சு மூப்பராகி இருபது வருடத்தில் அவரை வெள்ளைச் சட்டை இல்லாமல் பார்த்தவர்கள் அவர் மனைவியும் டாக்டரும் மட்டுமே.

"என்ன அத்தான், இன்னைக்குத் திங்கக்கெழமை. டிராக்டர் வேணுமா?"

"டிராக்டர் கெடக்கட்டும்." அவர் மாட்டின் கழுத்தைத் தடவினார். அவளைப் பார்க்கவில்லை. "இந்த மாட்டக் கொஞ்சம் இங்க மேய விடட்டுமா? என் மாட்டுக்குப் பின்னாடியும் அது வருதான்னு... சும்மா, பாக்கலாம்னு."

நியோகாபி முளையை எடுத்துக்கொடுத்தாள். கயிற்றை அளந்து காட்டினாள். பிறகு, கறந்த பால் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருக்க, முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"ஒக்காருங்க அத்தான். பேசாம இருக்கணும்."

கிதோங்கா உட்கார்ந்தார். பேசாமல் இருந்தார்.